வளரிளம் பருவத்தினரின் பண்புவலிமைகளும் உளநலமும்: ஒரு விளக்கம்

முன்னுரை

பிள்ளைகளின் குணத்தைப் பற்றிப் பேசாத தமிழ்க் குடும்பம் இல்லை எனலாம். ‘நல்ல பிள்ளை’ என்னும் இரு சொற்களுக்குள் நாம் பலவற்றை அடக்கிவிடுகிறோம். பெரியோர் சொல் கேட்டல், எதிர்த்துப் பேசாமை, அடக்கம், படிப்பில் கவனம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இப்பண்புகள் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இப்பண்புகளை உடைய பிள்ளை உள்ளத்தாலும் நலமாக இருக்கிறது என்று நாம் கொள்வது எந்த அளவிற்குச் சரி என்னும் வினா எழுகிறது. அமைதியாக இருக்கும் மாணவர் மன நிறைவால் அமைதியாக இருக்கலாம். சொல்ல இயலாத துயரத்தாலும் அமைதியாக இருக்கலாம். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இவ்வினாவிற்கு விடை காண உதவும் துறைகளுள் ஒன்று, கடந்த கால் நூற்றாண்டாக வளர்ந்துவரும் நேர்மறை உளவியலாகும். அத்துறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றான பண்புவலிமை என்பதை விளக்குவதும், அது வளரிளம் பருவத்தினரின் உளநலத்தோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதை ஆய்வு முடிவுகளின் துணையுடன் காட்டுவதும், நம் பள்ளிச் சூழலுக்கு அது எந்த அளவிற்குப் பொருந்தும் என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வளரிளம் பருவமும் உளநலமும்

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. உடல் வளர்ச்சி, மூளை வளர்ச்சி, நட்பு வட்டத்தின் விரிவு, ‘நான் யார்’ என்னும் தேடல் ஆகிய அனைத்தும் ஒருங்கே நிகழும் காலம் இதுவாகும். இப்பருவத்தினருள் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஓர் உளநலக் கோளாற்றோடு வாழ்கிறார் என்று அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. வாழ்நாளில் தோன்றும் உளநோய்களுள் பாதி 14 வயதிற்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் கெஸ்லரும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

நம் நாட்டு நிலையும் இதற்கு விலக்கன்று. மலேசியச் சுகாதார அமைச்சு 2022இல் மேற்கொண்ட இளையோர் நல ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர் நால்வருள் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 15 முதல் 35 வயதினரிடையே நடத்தி 2024இல் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், ஏறக்குறைய மூவருள் ஒருவர் மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் கடுமையான அளவில் உணர்ந்ததாகக் கூறியுள்ளனர். இவ்விரு ஆய்வுகளின் வயது வரம்பும் அளவுகோல்களும் வேறுபட்டவை; ஆகவே இவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஒவ்வொரு வகுப்பறையிலும் துயருறும் பிள்ளைகள் சிலர் இருக்கவே செய்கின்றனர் என்பதை இவை ஐயத்திற்கு இடமின்றி உணர்த்துகின்றன.

உளநலம் என்பது நோயின்மை மட்டுமன்று. கேரல் ரிஃப் என்னும் அமெரிக்க உளவியலார் 1989இல் உளநலத்தை ஆறு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளல், பிறரோடு நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளும் திறன், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம், தொடர்ந்த வளர்ச்சி ஆகியன அவை. வயது வந்தோரை வைத்து உருவாக்கப்பட்ட இப்பகுப்பு, பின்னர் இளையோர் பற்றிய ஆய்வுகளிலும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. இவ்வாறு கூறுகளையும் நோக்கினால், தேர்வில் உயர்ந்த புள்ளிகள் பெறுவதும் ஒழுங்காக நடந்துகொள்வதும் உளநலத்திற்கு நேரடிச் சான்றுகளாகா என்பது விளங்கும். எட்டுப் பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற ஒரு மாணவி, தன்னைத் தானே வெறுப்பவளாகவும் இருக்கக்கூடும்.

பண்புவலிமை என்னும் கருத்து

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் பெரும்பாலும் குறைகளையும் நோய்களையும் ஆராய்வதிலேயே கருத்தூன்றியது. 1998இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனித வாழ்வைச் செழிப்புறச் செய்யும் கூறுகளையும் அதே கண்டிப்பான ஆய்வுமுறைகளால் ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். நோய்களை வகைப்படுத்தும் கையேடுகள் உள்ளபோது நற்பண்புகளை வகைப்படுத்தும் கையேடு ஏன் இருத்தல் கூடாது என்னும் எண்ணத்தின் விளைவாக, கிறிஸ்டபர் பீட்டர்சனும் செலிக்மனும் இணைந்து 2004இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். பண்புவலிமை ஆய்வுகளுக்கு அந்நூலே அடித்தளமாகும்.

பண்புவலிமை என்பது ஒருவருடைய எண்ணத்திலும் உணர்விலும் செயலிலும் தொடர்ந்து வெளிப்படும் நற்கூறு ஆகும். அது திறமையினின்றும் வேறானது. இனிய குரல் வளம் ஒரு திறமை. அக்குரலை வளர்க்க நாள்தோறும் விடாது பயிற்சி செய்வது பண்புவலிமை. திறமை வீணாகலாம், நேர்மை வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. ஒரு பண்பினை வலிமை எனக் கொள்வதற்குப் பீட்டர்சனும் செலிக்மனும் சில வரையறைகளை வகுத்தனர். அப்பண்பு வேறொரு பயனுக்காக அன்றித் தன்னளவிலேயே மதிக்கப்பட வேண்டும். ஒருவரிடம் அது மிளிர்வதால் மற்றவர் சிறுமையுறலாகாது. பல பண்பாடுகளில் அது போற்றப்பட வேண்டும். காலத்தாலும் சூழலாலும் எளிதில் மாறாததாகவும் அளவிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

இவ்வரையறைகளின் அடிப்படையில் 24 பண்புவலிமைகள் இனங்காணப்பட்டு, ஆறு அறங்களின் கீழ் அடக்கப்பட்டன. அவற்றைத் தமிழில் பின்வருமாறு கூறலாம்.

முதலாவது, அறிவு சார்ந்தவை: படைப்பாற்றல், அறியும் ஆவல், சீர்தூக்கிப் பார்த்தல், கல்வி வேட்கை, விரிந்த பார்வை.

இரண்டாவது, துணிவு சார்ந்தவை: அஞ்சாமை, விடாமுயற்சி, நேர்மை, உயிர்த்துடிப்பு.

மூன்றாவது, மனிதநேயம் சார்ந்தவை: அன்பு, பரிவு, பிறர் உள்ளம் அறிதல்.

நான்காவது, நீதி சார்ந்தவை: கூடிச் செயலாற்றல், நடுவுநிலைமை, தலைமைப் பண்பு.

ஐந்தாவது, அளவறிதல் சார்ந்தவை: மன்னித்தல், பணிவு, முன்யோசனை, தற்கட்டுப்பாடு.

ஆறாவது, தன்னைக் கடந்து நோக்குதல் சார்ந்தவை: அழகுணர்வு, நன்றியுணர்வு, நம்பிக்கை, நகைச்சுவை, ஆன்மிகம்.

இவ்விருபத்து நான்கும் ஒருவரிடம் ஒரே அளவில் அமைவதில்லை. ஒவ்வொருவரிடமும் இயல்பாகவும் அடிக்கடியும் வெளிப்படும் சில வலிமைகள் உண்டு. அவை அவருடைய தனிமுத்திரை வலிமைகள் எனப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது சோர்வு தோன்றாது. ‘இதுவே நான்’ என்னும் உணர்வே தோன்றும். 10 முதல் 17 வயதினர்க்கென நான்சூக் பார்க்கும் பீட்டர்சனும் 198 வினாக்கூற்றுகளைக் கொண்ட ஒரு தனி அளவுகோலை உருவாக்கி 2006இல் அதன் நம்பகத்தன்மை பற்றிய ஆய்வை வெளியிட்டனர்.

ஆய்வுகள் காட்டுவன

பண்புவலிமைகள் அனைத்தும் உளநலத்தோடு ஒரே அளவில் தொடர்புறுவதில்லை என்பதே இத்துறையின் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பாகும். பார்க், பீட்டர்சன், செலிக்மன் ஆகியோர் 2004இல் வயது வந்தோரிடையே நடத்திய ஆய்வில், நம்பிக்கை, உயிர்த்துடிப்பு, நன்றியுணர்வு, அன்பு, அறியும் ஆவல் ஆகிய ஐந்தும் வாழ்க்கை நிறைவோடு வலுவான தொடர்புடையனவாக விளங்கின. பணிவு, படைப்பாற்றல், சீர்தூக்கிப் பார்த்தல், அழகுணர்வு, கல்வி வேட்கை ஆகியவற்றின் தொடர்பு மெலிந்தே காணப்பட்டது. 2006இல் இளையோரிடையே நடத்தப்பட்ட ஆய்விலும் நம்பிக்கை, அன்பு, நன்றியுணர்வு, உயிர்த்துடிப்பு ஆகிய நான்கும் முன்னணியில் நின்றன. சுருங்கக் கூறின், தலையைச் சார்ந்த வலிமைகளைக் காட்டிலும் நெஞ்சைச் சார்ந்த வலிமைகளே மன நிறைவோடு நெருங்கிய உறவுடையன.

இம்முடிவைக் கொண்டு தற்கட்டுப்பாடும் விடாமுயற்சியும் தேவையற்றவை என்று கருதிவிடலாகாது. டக்வொர்த்தும் செலிக்மனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவரின் கல்வி அடைவை முன்கூட்டியே காட்டுவதில் நுண்ணறிவு ஈவைக் காட்டிலும் தன்னொழுக்கமே சிறந்து நின்றது. எனவே, கல்வி வெற்றிக்குத் துணைநிற்கும் வலிமைகளும் உள்ள நிறைவுக்குத் துணைநிற்கும் வலிமைகளும் முற்றிலும் ஒன்றல்ல என்று கொள்வதே பொருத்தமாகும். நம் பெற்றோரும் ஆசிரியரும் முதல் வகையைப் பெரிதும் வளர்க்கின்றனர். இரண்டாம் வகை தானே வளரும் என்று விட்டுவிடுகின்றனர். இவ்விடைவெளியே நாம் கருத்தில் கொள்ள வேண்டியதாகும்.

தொடர்பு உண்டு என்பதால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று ஆகிவிடாது. நம்பிக்கை மிகுந்திருப்பதால் மனநிறைவு தோன்றுகிறதா, மனநிறைவு உடையவர் இயல்பாகவே நம்பிக்கை கொள்கின்றனரா என்னும் வினாவிற்குப் பயிற்சி சார்ந்த ஆய்வுகளே ஓரளவு விடை தரும். ஃப்ரோ, செஃபிக், எம்மன்ஸ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர் 221 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை இரு வாரங்கள் நாள்தோறும் எழுதிவந்தனர். அன்றாடத் தொல்லைகளை எழுதிய பிரிவினரைக் காட்டிலும் இவர்களிடம் நன்னம்பிக்கையும் வாழ்க்கை நிறைவும் மிகுந்து காணப்பட்டன. பிரிட்டனில் பிராக்டரும் பிறரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 14 வயதுக்குட்பட்ட 319 மாணவர் இடம்பெற்றனர். பண்புவலிமைப் பயிற்சிகளில் ஈடுபட்டவர்களின் வாழ்க்கை நிறைவு மற்றவர்களைக் காட்டிலும் உயர்ந்திருந்தது.

ஆயினும் எல்லா ஆய்வுகளும் இவ்வாறு நம்பிக்கையூட்டும் முடிவுகளைத் தரவில்லை. அமெரிக்காவின் ஸ்ட்ராத் ஹேவன் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் 347 பேரிடையே நடத்தப்பட்ட பாடத்திட்டம் ஒன்றின் விளைவுகள் 2009இல் வெளியிடப்பட்டன. மாணவரின் அறியும் ஆவல், கல்வி வேட்கை, படைப்பாற்றல் ஆகியன மேம்பட்டதாக ஆசிரியர்கள் தெரிவித்தனர். ஆனால் மாணவர்களே தெரிவித்த மனச்சோர்விலும் பதற்றத்திலும் மாற்றம் காணப்படவில்லை. பண்புவலிமைப் பயிற்சி வளர்ச்சிக்கு உதவலாம். நோய்க்கு மருந்தாக அதனைக் கொள்ள இயலாது என்பதையே இம்முடிவு சுட்டுகிறது.

தமிழ் அறமரபும் பண்புவலிமைகளும்

ஆறு அறங்களையும் வகுப்பதற்கு முன்னர், கன்பூசியம், தாவோயியம், பௌத்தம், இந்து சமயம், கிரேக்க மெய்யியல், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மரபுகளின் அடிப்படை நூல்கள் ஒப்பிட்டு நோக்கப்பட்டன. தமிழ் அறநூல்கள் அவ்வொப்பீட்டின் மையத்தில் இடம்பெறவில்லை. எனினும் திருக்குறளின் 133 அதிகாரத் தலைப்புகளை நோக்கும் எவர்க்கும் இப்பட்டியலின் பெரும்பகுதி அங்கே முன்னரே அமைந்திருப்பது புலனாகும். அன்புடைமை, செய்ந்நன்றியறிதல், நடுவுநிலைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகியன இப்பண்புவலிமைகளோடு நேரே ஒத்து நோக்கத்தக்கவை.

இவ்வொற்றுமையைக் கண்டு ‘எல்லாம் நம் முன்னோர் சொன்னதே’ என்று பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. இரண்டிற்கும் நோக்கு வேறுபாடு உண்டு. அறநூல் எல்லார்க்கும் எல்லாப் பண்பும் வேண்டும் என விதிக்கிறது. உளவியல் ஒருவரிடம் எப்பண்பு எந்த அளவில் ஏற்கெனவே உள்ளது என வினவுகிறது. முன்னது ‘இவ்வாறு இரு’ என்கிறது. பின்னது ‘நீ எவ்வாறு இருக்கிறாய்’ என்று கேட்கிறது. வளரிளம் பருவத்தினர்க்கு இவ்விரண்டும் தேவை. ஆயினும் அவர்கள் நாள்தோறும் முதல் வகைச் சொற்களையே கேட்கின்றனர். இரண்டாம் வகை வினாவை அவர்களிடம் எழுப்புவோர் அரியர்.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகியவை அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசியல் பகுதியில் அமைந்துள்ளன. செயலாற்றுவோர்க்கும் பொறுப்பேற்போர்க்கும் உரிய வலிமைகளாகவே அவை கூறப்பட்டுள்ளன. நாமோ இளையோரிடம் பேசும்போது அடக்கத்தையும் பொறையையும் வலியுறுத்தும் அளவிற்கு இவற்றை வலியுறுத்துவதில்லை. துன்பம் நேரும்போது உள்ளம் கலங்காதிருத்தல் என்பது வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளல் அன்று. அத்துன்பத்தைக் கடப்பதற்குரிய உள உறுதியாகும். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைக்கத் தமிழாசிரியரைவிடத் தகுதியுடையோர் வேறு எவர்?

சொற்களை மொழிபெயர்ப்பதிலும் கவனம் தேவைப்படுகிறது. நம்பிக்கை என்னும் தமிழ்ச்சொல், எதிர்காலம் நன்றாக அமையும் என்னும் எண்ணத்தையும், இறைநம்பிக்கையையும், ஒருவர்மீது கொள்ளும் நம்பகத்தையும் ஒருங்கே குறிக்கும். உயிர்த்துடிப்பு என்று நாம் வழங்கும் பண்பிற்கு ஒரே சொல்லில் அமைந்த வழக்கு நம்மிடம் இல்லை. மேலும், உண்மையிலேயே பணிவுடைய மாணவர் ‘நான் பணிவுடையவன்’ என்னும் கூற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் இட்டுக்கொள்ளமாட்டார். தன்னைத் தானே புகழ்வது குற்றம் எனக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளிடம் இவ்வளவுகோல்களைப் பயன்படுத்துவோர் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும்.

மலேசியச் சூழல்

மலேசியத் தமிழ் மாணவரின் வாழ்வில் வளரிளம் பருவத்தின் தொடக்கமும் ஒரு பெரும் இடமாற்றமும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளை, தேசிய இடைநிலைப்பள்ளியில் அடியெடுத்து வைக்கிறது. பயிற்றுமொழி மலாய்மொழியாக மாறுகிறது. மலாய்மொழியில் குறித்த தேர்ச்சி பெறாதோர் ஓராண்டு புதுமுக வகுப்பில் பயில நேர்கிறது. உடன் பயின்ற நண்பர் முதலாம் படிவத்திற்குச் செல்லத் தாம் பின்தங்கினோம் என்னும் எண்ணம் அவர்தம் உள்ளத்தில் பதியக்கூடும். எல்லா ஆசிரியரும் பெயர் அறிந்து அழைத்த சிறிய பள்ளியிலிருந்து, பெயர் அறிவாரில்லாத பெரிய பள்ளிக்குச் செல்லும் மாணவரும் உண்டு. தோட்டங்களிலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களில், உறவினர் சூழ்ந்த வாழ்வும் குறைந்துவிட்டது.

ரிஃப் காட்டிய ஆறு கூறுகளோடு இதனைப் பொருத்திப் பார்த்தால், பிறரோடு நல்லுறவு, சூழலைக் கையாளும் திறன், தன்னை ஏற்றுக்கொள்ளல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளாவதை உணரலாம். இம்மாற்றத்தை நாம் பெரும்பாலும் மொழிச் சிக்கலாகவும் பாடச் சிக்கலாகவுமே காண்கிறோம். அதனால் கூடுதல் வகுப்புகளையே தீர்வாகக் கருதுகிறோம். கூடுதல் வகுப்புகள் தேவைதான். ஆனால் புதிய பள்ளியில் ஒரு நண்பரையேனும் பெற்ற மாணவரும் ஒருவரையும் பெறாத மாணவரும் அவ்வகுப்புகளிலிருந்து பெறும் பயன் ஒன்றாகாது.

நம் பாடத்திட்டத்தில் பண்புக்கு இடமில்லை என்று கூறவியலாது. இஸ்லாமியர் அல்லாத மாணவர்க்கு நன்னெறிக் கல்வி தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது, எஸ்.பி.எம். தேர்விலும் அது இடம்பெறுகிறது. பண்புகளின் பெயரையும் விளக்கத்தையும் மாணவர் அறிந்திருக்கின்றனர். ஆனால் தேர்வுக்குரிய பாடமாகும்போது பண்பு விளக்கம் மனனத்திற்கு உரியதாகிவிடும் அபாயம் உண்டு. பரிவு என்பதன் பொருளை எழுதி முழுப்புள்ளி பெற்ற மாணவர், ‘உன்னிடம் உள்ள வலிமை யாது’ என்று வினவினால் விடை கூற இயலாது திகைப்பது வியப்பன்று. அவ்வினாவை அவரிடம் முன்னர் எவரும் கேட்டதில்லை.

2021இல் ஆறாம் ஆண்டுக்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் படிப்படியாக நீக்கப்பட்டன. மதிப்பெண் ஒன்றையே மாணவரின் அளவுகோலாகக் கொள்ளும் நிலையிலிருந்து விலக இரு நாடுகளும் விரும்பியதை இவை காட்டுகின்றன. தேர்வு விட்டுச்சென்ற இடத்தை வேறு பயிற்சி நூல்களால் நிரப்புவதா, பிள்ளையை முழுமையாக அறிவதற்குப் பயன்படுத்துவதா என்பது பள்ளியையும் பெற்றோரையும் பொறுத்ததாகும்.

பள்ளியிலும் வீட்டிலும் செய்யத்தக்கன

பண்புவலிமைக் கருத்தினை நடைமுறைப்படுத்தப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. முதலாவதாகச் செய்யத்தக்கது வலிமைகளை இனங்கண்டு பெயரிடுதல். ‘நன்று’, ‘கெட்டிக்காரன்’ போன்ற பொதுப் பாராட்டுகள் மாணவர்க்குத் தம்மைப் பற்றி எதனையும் தெரிவிப்பதில்லை. ‘குழுவில் பேசத் தயங்கிய மாணவியை நீயே அழைத்துக் கருத்துக் கேட்டாய், பிறர் உள்ளம் அறியும் பண்பு உன்னிடம் உள்ளது’ என்று கூறுவது அம்மாணவர் மறக்கவியலாத செய்தியாகும். பாராட்டு உண்மையான நிகழ்ச்சியைச் சுட்டியதாக இருத்தல் இன்றியமையாதது. பொய்ப் பாராட்டை வளரிளம் பருவத்தினர் எளிதில் அறிந்துகொள்வர்.

இரண்டாவது, தனிமுத்திரை வலிமையைப் புதிய முறையில் பயன்படுத்தச் செய்தல். செலிக்மனும் குழுவினரும் 2005இல் வயது வந்தோரிடையே நடத்திய ஆய்வில், தம் வலிமையொன்றை ஒரு வாரம் நாள்தோறும் புதிய வகையில் பயன்படுத்தியோரிடமும், நாள்தோறும் நடந்த மூன்று நல்ல நிகழ்ச்சிகளைக் காரணத்தோடு எழுதியோரிடமும் மகிழ்ச்சி பெருகி மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. அவ்விளைவு ஆறு மாதங்கள் வரை நீடித்தது. இதனைத் தமிழ் வகுப்பிலும் செய்யலாம். கட்டுரைப் பயிற்சியின்போது மாணவர் தம் வலிமையொன்று வெளிப்பட்ட நிகழ்ச்சியை எழுதலாம். சிறுகதையையோ கவிதையையோ பயிலும்போது கதைமாந்தரின் குறைகளைப் பட்டியலிடுவதோடு, இன்னல் நேர்ந்தபோது அவரைத் தாங்கிய வலிமை யாது என்றும் வினவலாம். இலக்கியக் கல்வி இதனால் கெடாது, ஆழமே பெறும்.

மூன்றாவது, புறப்பாட நடவடிக்கைகளை இந்நோக்கில் அணுகுதல். வகுப்பறையில் பின்தங்கிய மாணவர் காற்பந்துத் திடலில் கூடிச் செயலாற்றும் பண்பையும், சாரணர் முகாமில் தலைமைப் பண்பையும் வெளிப்படுத்துவதுண்டு. அங்கே கண்டதை வகுப்பாசிரியரும் பெற்றோரும் அறியச் செய்தல் வேண்டும். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாகத் திடலுக்குச் செல்வதைத் தடுப்பது, அப்பிள்ளை தன்னை மதிப்பதற்கு எஞ்சியிருந்த ஒரே இடத்தையும் பறிப்பதாக முடியலாம்.

நான்காவது, வீட்டில் பெற்றோர் ஆற்றத்தக்க பங்கு. தேர்வறிக்கை வரும் நாளில் குறைந்த புள்ளியையே முதலில் நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வாறு நோக்குவதும் பிள்ளைமீது கொண்ட அக்கறையால்தான். எனினும் ஒப்பீட்டுச் சொற்கள் அக்கறையாகப் பிள்ளையின் செவியில் விழுவதில்லை. அண்ணன், தங்கை, அண்டை வீட்டுப் பிள்ளை ஆகியோரோடு ஒப்பிடுவதை விடுத்து, இப்பிள்ளையின் வலிமை இப்பாடத்தில் எவ்வாறு துணைசெய்யும் என்று பேசுவதே பயன் தரும்.

கவனத்திற்குரிய எல்லைகள்

இக்கருத்தினைப் பயன்படுத்துவோர் அதன் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். பண்புவலிமைகளை ஆறு அறங்களாகப் பகுத்தது கருத்து நிலையில் அமைந்த பகுப்பாகும். புள்ளியியல் ஆய்வுகள் பலவற்றில் அவ்வாறும் அப்படியே தோன்றவில்லை. அளவுகோல்கள் பெரும்பாலும் மாணவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவதைச் சார்ந்துள்ளன. எல்லா மாணவர்க்கும் ஒரே பயிற்சியை அளிக்கும் திட்டங்கள் எப்போதும் வெற்றி பெறுவதில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரிடையே நடத்தப்பட்டு 2022இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், பள்ளிகளில் அளிக்கப்பட்ட மனவிழிப்புப் பயிற்சியால் வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் பயன் விளையவில்லை. அது பண்புவலிமைப் பயிற்சி அன்று. எனினும் நல்ல நோக்கம் மட்டுமே நல்ல விளைவைத் தந்துவிடாது என்னும் படிப்பினை இதற்கும் பொருந்தும்.

வலிமையும் அளவு கடந்தால் குறையாகிவிடும். அளவு மீறிய விடாமுயற்சி உறக்கத்தைக் கெடுக்கும். அளவு மீறிய மன்னிப்பு, தன்னைத் துன்புறுத்துவோரைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும். பகடிவதைக்கு உள்ளாகும் மாணவரிடம் பொறுமையையும் மன்னிப்பையும் போதிப்பது அறமாகாது. அங்கே தேவைப்படுவது பெரியோரின் தலையீடு.

எல்லாவற்றிற்கும் மேலாக, உளநலம் குன்றிய பிள்ளையின் நிலையைப் பண்புக்குறைவு எனக் கருதுவது பெருந்தவறாகும். மனச்சோர்வு ஒருவரின் நம்பிக்கையையும் உயிர்த்துடிப்பையும் முதலில் குன்றச் செய்கிறது. அந்நிலையில் உள்ளவரிடம் ‘நம்பிக்கையோடு இரு’ என்பது கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். வறுமை, குடும்ப வன்முறை, பாகுபாடு ஆகியவற்றால் நேரும் துயரையும் மாணவரின் பண்பை வளர்த்தே போக்கிவிடலாம் என எண்ணுவது பொறுப்பைப் பிள்ளையின் தோள்மீது சுமத்துவதாகும்.

உறக்கமும் உணவும் மாறுதல், நண்பரை விட்டு விலகுதல், முன்னர் விரும்பியவற்றில் நாட்டமின்மை, வாழ்வில் பிடிப்பில்லை என்ற பேச்சு ஆகியவை காணப்பட்டால் பள்ளி ஆலோசனை ஆசிரியரையோ மருத்துவரையோ காலந்தாழ்த்தாது நாடுதல் வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீங்கிவிட்டது. சட்டத்திற்கு அஞ்சி மறைக்க வேண்டிய தேவை இன்றில்லை. ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சம் மட்டுமே எஞ்சியுள்ளது. அதனை நீக்கும் கடமை நம்முடையது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நம் சமூகம் பெரிதும் போற்றும் அடக்கமும் கல்வி வேட்கையும் சிறந்த பண்புகளே. ஆயினும் ஆய்வுகளின்படி வளரிளம் பருவத்தினரின் மன நிறைவோடு மிக நெருங்கிய தொடர்புடையவை நம்பிக்கை, அன்பு, நன்றியுணர்வு, உயிர்த்துடிப்பு ஆகியனவாகும். இவை அறிவுரையால் மட்டும் வளர்வன அல்ல. அன்பு செலுத்தப்படும் இடத்தில் அன்பும், எதிர்காலத்திற்கு வழி தெரியும் இடத்தில் நம்பிக்கையும் வளர்கின்றன. எனவே பிள்ளையின் பண்பை வளர்த்தல் என்பது பிள்ளையைச் சூழ்ந்துள்ள நம் பண்பையும் உள்ளடக்கியதாகும்.

தமிழ் மாணவரிடையே இப்பண்புவலிமைகள் எவ்வாறு அமைந்துள்ளன, தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் காலத்தில் அவை எவ்வாறு மாறுகின்றன, நம் மொழிக்கும் மரபுக்கும் ஏற்ற அளவுகோலை எவ்வாறு உருவாக்கலாம் என்பன மேலும் ஆராயத்தக்க தலைப்புகளாகும். உளவியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் கூடிச் செய்ய வேண்டிய பணி இது. அவ்வாய்வுகள் நிறைவுறும் வரை ஆசிரியரும் பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவரை நாளை காணும்போது, அவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று நோக்குவதோடு, நலமாக இருக்கிறாரா என்றும் கேட்கலாம்.